ஒன்பதாவது ஊசி

அந்தச் செய்தி நான்கு வரி. எழுதியவன் நான்.

‘ஜவ்வாது மலையில் புதூர்நாட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் வெறிநாய் கடித்த பசு நோய் கண்டு இறந்தது. அதன் பாலை அருந்திய ஊரார் பீதியில் உள்ளனர். குழந்தைகளும் பள்ளி ஆசிரியையும் அவர்களில் அடங்குவர். அதிகாரிகள் இதுவரை நடவடிக்கை எடுக்கவில்லை.’

அறுபதுகளின் தொடக்கம். நான் ஆலங்காயத்தில் இருந்துகொண்டு சென்னை நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்பி வந்தேன். சுருக்கமாக எழுதுகிறவன் என்று எனக்கு அங்கே பெயர். மேலே உள்ள நான்கு வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றும் அச்சுக்கோப்பவர் செய்தவை அல்ல.

ஊரார் பீதியில் இல்லை. செத்தது கறவைப் பசு, முதல் ஈற்று. அவர்கள் துக்கத்தில் இருந்தார்கள். பீதி என்ற சொல்லைப் போட்டால் செய்தி அச்சேறும் என்பது எனக்குத் தெரியும், போட்டேன். அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவில்லை என்பது உண்மைதான், ஏனென்றால் எந்த அதிகாரிக்கும் யாரும் சொல்லவில்லை. அது பழக்கத்தில் வந்து விழும் வாக்கியம். மூன்றாவது பிழைதான் பெரிது. அவர்கள் பால் குடிக்கவில்லை.

அந்த ஊரில் பதினோரு வீடுகள். கொஞ்சம் தள்ளி ஓர் அரசுப் பள்ளி. பள்ளியின் ஒரே ஆசிரியை என் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, யாரும் போக விரும்பாத அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறியவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் பசு கன்று போட்டாலும், மூன்றாம் நாள் சீம்பாலை எல்லா வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் போகும். பள்ளிக்கும் ஒரு பங்கு வரும். வெல்லம் போட்டு, ஆவியில் கட்டியாகும்வரை வேகவைத்து, துண்டு போட்டுத் தேக்கிலையில் வைத்துத் தருவார்கள். கன்று போட்ட சில வாரங்களில் அந்தப் பசு வாயில் நுரை தள்ளி, அடிவயிற்றிலிருந்து கத்தி, பின்னங்கால் விழுந்து செத்தது. அப்போதுதான், கன்று போடுவதற்கு முன்பே ஒரு நாய் அதன் மூக்கைக் கடித்துவிட்டு ஓடியதைப் பசுவின் சொந்தக்காரர் நினைவுபடுத்திக்கொண்டார்.

என் குறிப்புப் புத்தகத்தில் ‘வெல்லம், ஆவி, கட்டி, தேக்கிலை’ என்று எழுதியிருந்தேன். செய்தி எழுதும்போது இடம் கருதி அதை ‘பால்’ என்று ஆக்கினேன். வேகவைத்த பாலில் அந்தக் கிருமி பிழைக்காது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதைத்தான் செய்யவில்லை.

அந்தப் பசு விஷயத்தில் உண்மையாகவே ஆபத்துக்கு உள்ளானவர் ஒரே ஒருவர், பசுவின் சொந்தக்காரர். ஐம்பது வயதிருக்கும். பசு எச்சில் ஒழுக நின்றபோது, பலாக்கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் தேடியவர். கையில் பல் கீறிய காயம் இருந்தது. என் செய்தியில் அவர் இல்லை. ஓர் ஆள் செய்தியாக மாட்டார், ஊர் செய்தியாகும்.

செய்தி வந்த வாரத்திலேயே ஆணை வந்தது. பால் அருந்திய அனைவருக்கும் நாய்க்கடித் தடுப்பூசி, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு. அடிவார மருந்தகத்திலிருந்து கம்பவுண்டர் ஒருவர் மேலே அனுப்பப்பட்டார். அது எந்த ஊர் மருந்தகம் என்று எழுதப்போவதில்லை. எந்த ஊராக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஈர மணல் நிரப்பிய பானையில் மருந்துக் குப்பிகளை வைத்து ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் தங்கினார். பிள்ளைகளின் வருகைப் பதிவேடுதான் ஊசிப் பட்டியலுக்கு ஆதாரம்.

அக்கா அவரிடம் வாதாடிப் பார்த்திருக்கிறாள்.

“சார், நாங்க சாப்ட்டது சீம்பாலு. வேகவெச்சது. கொழுக்கட்டை மாதிரி கட்டியா இருந்துதுங்க.”

“ஆர்டர்ல பாலுன்னுதான் இருக்குது டீச்சரம்மா.”

“ஆர்டர் போட்டவங்க சாப்ட்டாங்களா, நாங்க சாப்ட்டோமா?”

“இதப் பாருங்க, பேப்பர்லயே வந்துக்குது.” ஆணையோடு குண்டூசி குத்தி இணைத்திருந்த செய்தித் துணுக்கைக் காட்டினார். நான்கு வரி. அக்கா அதைப் படித்தாள். யார் எழுதியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வாதாடவில்லை. ஊசியைக் கண்டு ஊர் ஒதுங்கி நின்றதால், பயம் தெளியட்டும் என்று வரிசையில் முதல் ஆளாக நின்று புடவையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். தினமும் முதல் ஆள் அவள்தான்.

ஒன்பதாம் நாள் நான் மேலே போனேன். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். என் செய்திக்கு அரசு அசைந்திருக்கிறது, அதைப் பற்றி இன்னொரு செய்தி எழுதலாம் என்று போனேன். காலையில் கிளம்பி மதியம் சேர்ந்தேன். அக்கா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தாள்.

“வாடா, பீதி. சாப்ட்டியா?”

அவள் கோபம் எப்போதும் அப்படித்தான் வரும். நான் சிரித்து மழுப்பினேன். கம்பவுண்டர் எங்கே என்று கேட்டேன். அவள் நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இடது செருப்பு வகுப்பறை நடுவில் கிடந்தது.

“பாரேன், கழண்டதே தெரியல. ரெண்டு நாளா காலு மரமரன்னு இருக்குது. தரையில வெச்சா பஞ்சு மேல வெக்கற மாதிரி இருக்குது.”

நான் புத்தகத்தை எடுத்துக் குறித்தேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது. ‘9ஆம் ஊசி. அக்கா. கால் மரத்தல், இரு நாள். இடது செருப்பு.’ குறித்துவிட்டுக் கம்பவுண்டரிடம் போனேன். அவர் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்குக் கால் மரத்துப் போகுதாம்.”

“வயித்துல குத்தினா கால்ல இழுக்கும் சார். நரம்பு ஒண்ணுதானே.”

“நிறுத்திப் பார்க்கலாமா?”

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நல்லாக் கேட்டீங்க. பாதியில வுட்டா இன்னா ஆவும் தெரியுமா? நாய் மாதிரி கொலைச்சிக்கினே சாவணும். பதினாலுன்னா பதினாலு. பதிமூணும் இல்ல, பதினஞ்சும் இல்ல. நீங்க எழுதற ஆளு, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

நான் இறங்கிவிட்டேன். அன்று மாலையே எழுதி அஞ்சலில் போட்டேன். ‘மலைக் கிராமத்தில் தடுப்பூசிப் பணி துரிதம்.’ இடது செருப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது செய்தி இல்லை.

பதிமூன்றாம் நாள் காலை பசுவின் சொந்தக்காரர் ஆலங்காயத்தில் என் அறை வாசலில் நின்றார். விடிவதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். வேட்டியெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சரம்மாவுக்கு ரெண்டு காலும் வுழுந்துடுச்சுங்க. நேத்து ஊசிக்கி ரெண்டு பேரு தூக்கிக்கினு போய் நிறுத்தினோம். ராவுல இருந்து ஒண்ணுக்கும் போவல. கீழ மருந்தகத்துல இருந்து டாக்டர் வர்றாரு. வெறி வந்துடுச்சுன்னு கம்பவுண்டர் சொல்றாரு. ரூம்ல போட்டு சாத்திட்டாங்க.”

தூக்கி நிறுத்தி ஊசி போட்டார்கள். இந்த வாக்கியத்தை எத்தனையோ ஆண்டுகளாக வெவ்வேறு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் குறைவாக எழுத முடியாது. கால் விழுந்த ஒருத்தியை இரண்டு பேர் அக்குளில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் அவள் கால் எதனால் விழுந்ததோ அதையே இன்னும் ஒரு முறை வயிற்றில் ஏற்றினார். அவர் கெட்டவர் அல்ல. சரியான நேரத்துக்கு எழுந்து, ஊசியைச் சரியாகக் கொதிக்க வைத்து, எண்ணிக்கை தவறாமல் செய்தார். எண்ணினார், பார்க்கவில்லை.

நாங்கள் மேலே சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பள்ளியின் சாமான் அறையில் அக்கா கிடந்தாள். வெளியே கொண்டி போட்டிருந்தது. டாக்டர் பத்தடி தள்ளிப் பலா மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஊரார் இன்னும் தள்ளி நின்றார்கள்.

“உள்ளே போய்ப் பார்த்தீங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“ஜன்னல் வழியாப் பார்த்தேன். ஹைட்ரோபோபியா. பக்கவாத வகை. மன்னிக்கணும், நாம செய்யக்கூடியது ஒண்ணும் இல்லை. கிட்டே யாரும் போகாதீங்க. எச்சில் பட்டா உங்களுக்கும் வரும்.”

“அவளை நாய் கடிக்கலையே.”

“பால். பேப்பர்லகூட வந்துதே, நீங்க பார்க்கலை?”

அந்த மனிதரை அடித்திருப்பேன். அடிக்காததற்குக் காரணம் நாகரிகம் அல்ல. அவர் மேற்கோள் காட்டியது என்னை.

அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. தெளிவான குரல். பாடம் நடத்தும் குரல். “யாருடா அது, நீயா? ஒரு சொம்பு தண்ணி குடுறா. காலையில இருந்து கேக்கறேன், ஒருத்தரும் தர மாட்டேன்றாங்க.”

கொண்டிக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். தண்ணீர்ப் பானை என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறிக்கிற எனக்கு அது மட்டும் தெரியாது. பசுவின் சொந்தக்காரர் என்னைத் தாண்டிப் போய்க் கொண்டியை எடுத்தார். சொம்பை மொண்டுகொண்டு உள்ளே போனார்.

“பசு வாயிலயே கைய வுட்டவன் நானு. இனிமே எனக்கு இன்னா வரப்போவுது,” என்றார் போகும்போது.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து, டாக்டரைப் பார்த்துக் காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். “தண்ணியப் பாத்தா ஓடும்னீங்களே சாரு. ஒரு சொம்பு குடிச்சிட்டு இன்னொரு சொம்பு கேக்குது!”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “பக்கவாத வகையில் தண்ணீர்ப் பயம் இருக்கணும்னு கட்டாயம் இல்லை,” என்றார். அதில் அவர் சொன்னது சரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தச் சொம்புத் தண்ணீர் எதையும் நிரூபிக்கவில்லை. அது கதவைத் திறந்தது, அவ்வளவுதான். உள்ளே போனேன். அவள் வியர்வையில் நனைந்திருந்தாள், அடிவயிறு உப்பியிருந்தது, கால்கள் இரண்டும் யாரோ விட்டுவிட்டுப் போன பொருள்கள் மாதிரி கிடந்தன.

கம்பவுண்டர் வாசலில் வந்து நின்றார். “இன்னும் ரெண்டுதான் பாக்கி. அதையும் போட்டுட்டா...” என்று தொடங்கினார்.

“கிட்ட வந்தீங்கன்னா கடிச்சிடுவேன்,” என்றாள் அக்கா. “எனக்கு வெறிதானே?”

அவர் உண்மையாகவே இரண்டடி பின்னால் போனார்.

கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கினோம். பசுவின் சொந்தக்காரர் முன்னால் வலப்பக்கம், நான் பின்னால். கட்டில் சரியும் இடங்களில் அவள் கால்கள் தாமாக நழுவித் தொங்கின. அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்து மேலே வைத்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் கட்டிலைப் பார்த்துவிட்டு, “நாய்க்கடி கேஸா? டாக்டர் சீட்டு இருக்குதா?” என்றார். சீட்டில் ஹைட்ரோபோபியா என்று இருந்தது. பஸ் போய்விட்டது. பிறகு வாணியம்பாடித் தோல் பட்டறைக்குக் கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. டிரைவர் ஒரு பாய். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் ஒங்கிட்ட சீட்டு கேட்டனா? மூட்டைய நகத்திட்டு ஏத்துங்க. தலையப் புடிச்சிக்கோங்க, ரோடு மோசம்,” என்றார். வாணியம்பாடியில் சரக்கை இறக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுவிட்டார்.

அங்கே நரம்பு நோய்களைப் பார்க்கும் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். நடுத்தர வயது, சிக்கனமான பேச்சு. சீட்டைப் படித்தார், மடித்து மேசையில் வைத்தார். ஒரு குண்டூசியை எடுத்து அக்காவின் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்குச் சற்று மேலேதான் அக்கா “ஸ்” என்றாள்.

“நாய்க்கடி ஊசி போட்டிருக்காங்களா?”

“பன்னிரண்டு.”

“கால் மரத்தது எந்த ஊசியில்?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். அவர் படித்தார். “இடது செருப்பு” என்பதைச் சத்தமாகவே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை எழுதினது யார்?”

“நான்தான்.”

“எழுதிட்டு என்ன செஞ்சீங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “ஒன்பதுல நிறுத்தியிருக்கணும்,” என்றார். “அதுக்குப் பிறகு போட்ட மூணும் நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி.”

அவர் சொன்னதைக் காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். அந்தத் தடுப்பு மருந்து ஆட்டு மூளையில் செய்யப்படுகிறது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, அந்தக் கலவையை ஊசியில் ஏற்றுகிறார்கள். கிருமி செத்துவிட்டது, மூளை அப்படியே இருக்கிறது. உடம்பின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்கின்றன. எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பார்த்து, வந்ததை அழிப்பது அவற்றின் வேலை. தினமும் வயிற்றில் ஆட்டு மூளையைக் காட்டிக்கொண்டே இருந்தால், அவை கிருமியை மட்டுமல்ல, மூளையையும் எதிரியாகக் கற்றுக்கொள்ளும். நரம்புக்கு மேல், மின்கம்பிக்கு இருப்பதுபோல ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆட்டு நரம்பின் உறைக்கும் மனித நரம்பின் உறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கற்றுக்கொண்ட அணுக்கள் சில பேருக்கு முதுகுத் தண்டுக்குள் புகுந்துவிடுகின்றன. உறையை உரிக்கத் தொடங்குகின்றன. உறை போன இடத்தில் கம்பி வேலை செய்யாது. கால் விழும், சிறுநீர் நிற்கும்.

“அப்ப இது கிருமியால வந்தது இல்லையா?”

“கிருமியே கிடையாது. அவங்க உடம்பு அவங்க நரம்பைத் தின்னுது. வேலையைச் சரியாச் செய்யுது, ஆள்தான் தப்பு.”

கம்பவுண்டரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. கொதிக்க வைத்த ஊசிகளோடு, எண்ணிக்கை தவறாமல்.

“இது எத்தனை பேருக்கு வரும்?” செய்தியாளன் கேட்கும் கேள்வி அது, தானாக வந்தது.

“அபூர்வம். எவ்வளவு அபூர்வம்னு கேட்காதீங்க. கீழே இருந்து யாராவது எழுதி அனுப்பினால்தானே எண்ண முடியும்? எல்லாரும் இந்தச் சீட்டுல இருக்கிற மாதிரிதான் எழுதுறாங்க. நோயாளி செத்துட்டா நோய்தான் கொன்னதுன்னு ஆயிடும். ஊசியைக் குறை சொல்லாதீங்க. நாய் கடிச்சவனுக்கு அதைவிட்டால் வேறே வழி கிடையாது. கடிக்காதவங்களுக்கு எதுக்குப் போட்டாங்க, அதைக் கேளுங்க.”

அதற்கான விடை என் சட்டைப்பையில் நான்கு வரியாக இருந்தது.

வெள்ளணுக்களை அடக்கும் மருந்தை அக்காவுக்கு ஏற்றினார்கள். அது ஒரு முரண்பாடான மருந்து என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். காவலை அடக்கினால் நரம்பு பிழைக்கும், ஆனால் வேறு எந்தக் கிருமியும் உள்ளே நுழையலாம். அக்காவுக்குச் சளி பிடித்தபோது மூன்று நாள் பயந்தோம். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டோம். சிறுநீருக்குக் குழாய். இந்த விவரங்களை அவள் எழுத விடமாட்டாள், எழுதுகிறேன். மற்றவர்கள் ‘பக்க விளைவு’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போவது இதைத்தான்.

சமைத்த ஆட்டுக்கறியைக்கூட முகர்ந்து பார்க்காதவள் அவள். “ஆடு, மாடு, கோழி ஒண்ணும் தொடாம இருந்தேன்,” என்றாள் ஒரு நாள் டாக்டரிடம். “பன்னெண்டு நாளு மூளையாவே உள்ள தள்ளிட்டாங்க. அதையாவது மொளகு போட்டு வறுத்துக் குடுத்தாங்களா?” டாக்டர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் வலது கால் பெருவிரல் அசைந்தது.

இதையெல்லாம் எழுதினேன். நான்கு வரியாக அல்ல, நான்கு பக்கமாக. என் பிழையில் தொடங்கி எழுதினேன். ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ‘வெளியிட்டால் மக்கள் தடுப்பூசிக்கு அஞ்சுவர். நாய் கடித்தவனும் போட மாட்டான். தங்கள் சகோதரி நலம் பெற வேண்டுகிறேன்.’ அதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் இன்றுவரை அதை மன்னிக்க முடியவில்லை. மக்கள் அஞ்சுவார்கள் என்ற கவலை பீதி என்று நான் எழுதியபோது அவருக்கு வரவில்லை. அந்தச் சொல்லில் அவர் கை வைக்கவில்லை. அஞ்சக் கூடாது என்பதற்காக மறைத்தார்கள், மலையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பேப்பர் படிக்காத ஊருக்கு, அஞ்சுவதற்குச் செய்தி தேவைப்படவில்லை. மீதி இருந்த இரண்டு ஊசியை அந்த ஊரில் பசுவின் சொந்தக்காரர் ஒருவர் மட்டுமே போட்டுக்கொண்டார். கம்பவுண்டரைத் தேடிப் போய்ப் போட்டுக்கொண்டார்.

“பயமா இல்லியாங்க?” என்று கேட்டேன்.

“கைய வுட்டவன் நான்தானே. டீச்சரம்மா வுட்டாங்களா?” என்றார்.

மலைக்கு வந்த டாக்டருக்கும் அதிகாரிகளுக்கும் எனக்கும் வராத கணக்கு அது. ஊசி யாருக்குத் தேவை என்பதை அங்கே அவர் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து அக்கா ஊன்றுகோலோடு நடந்தாள். மறுபடி வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும், அதற்குத் தடுப்பூசிப் பதிவின் நகல் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் அடிவார மருந்தகத்துக்குப் போனோம். அதே கம்பவுண்டர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பெஞ்சைத் துடைத்துப் போட்டார். நீளமான பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அக்காவின் பெயர் முதல் வரியில் இருந்தது, முதல் ஆள் அல்லவா. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கட்டங்களில் குறி. கடைசியில் குறிப்புக்கான கட்டம். அதில் எழுதியிருந்தது: ‘ஊசி முடியுமுன் ஓடிவிட்டார்.’

அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

“நான் ஓடினேனா?”

“அப்படித்தாங்க எழுதணும். முடிக்காம போனவங்களுக்கு வேற வார்த்தை கிடையாதுங்க. முடிச்சவங்க, ஓடினவங்க, செத்தவங்க. மூணுதான்.”

“நாலு பேரு கட்டில்ல தூக்கிக்கினு போனாங்களே, நீங்க நின்னு பாத்தீங்களே.”

“பாத்தேன் டீச்சரம்மா.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அதுக்குக் கட்டம் இல்லீங்க.”

அவள் பையைத் திறந்து பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். அவர் தடுப்பதற்குள் ‘ஓடிவிட்டார்’ மீது ஒரு கோடு போட்டாள்.

“ஐயோ, அது கவர்மெண்ட் நோட்டுங்க!”

“இதுவும் கவர்மெண்ட் காலுதான். நீங்க குத்தினதுல வுழுந்தது.”

கோட்டுக்கு மேல் தெளிவான, உருண்டையான எழுத்தில் எழுதினாள். ‘கால் மரத்தது. ஒன்பதாவது ஊசியில் சொன்னேன். மேலும் மூன்று போட்டார்கள். கால் விழுந்தது. ஓடவில்லை.’ கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது. பிறகு பக்கத்தைப் புரட்டினாள். ஆணையும் அதோடு குத்திய துணுக்கும் அங்கேயே இருந்தன, கொஞ்சம் பழுப்பேறி. பேனாவை என் முன்னால் வைத்தாள்.

“உன்னுது இங்க இருக்குது. உங்க பேப்பர்லதான் சிவப்பு மை கெடையாது.”

நான் எடுத்தேன். ‘பாலை அருந்திய’ என்பதை அடித்து, ‘வெல்லம் போட்டு ஆவியில் வேகவைத்த சீம்பாலைத் தின்ற’ என்று எழுதினேன். ‘பீதி’யை அடித்தேன். அந்த இடத்தில் எழுத வேறொன்றும் இல்லை. அதிகாரிகளைப் பற்றிய கடைசி வரியையும் அடித்தேன்.

கம்பவுண்டர் குனிந்து எல்லாவற்றையும் படித்தார். தடுமாறினார். பிறகு அவருக்குத் தெரிந்த விதி ஒன்று துணைக்கு வந்தது.

“அடிச்சித் திருத்தினா பக்கத்துல சின்னக் கையெழுத்து போடணுங்க. ரூலு. ரெண்டு பேரும்.”

அக்கா போட்டாள். நான் மூன்று இடத்திலும் போட்டேன். நகல் எழுதித் தர நேரமாகும் என்றார் கம்பவுண்டர். அக்கா காத்திருக்கவில்லை, ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வெளியே நடந்தாள். நான் பேனாவை மூடிக்கொண்டு பின்னால் வந்தேன். அவளுடைய இடது செருப்பு வாசற்படியில் கழன்று கிடந்தது. அவள் அந்தக் கால் வெறுங்காலாக, வெயிலில் காய்ந்த சரளைக்கல் மேல் பத்தடி போயிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.